பக்கத்து மலையில் பொதுச் சுடுதளம்: கருத்துக் கடிதத்தில் என்ன எழுதலாம்?

பனிமலை_செல்வி
வணக்கம். நாங்க கொலராடோவில், டென்வருக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருக்கோம். வீட்டுக்குப் பின்னால ஒரு மேடு, அதைத் தாண்டினா ரூஸ்வெல்ட் தேசிய வனம். போன வாரம் கவுண்டியிலிருந்து (நம்ம ஊர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) ஒரு கடிதம் வந்தது. வன சேவை, மாநில வனவிலங்குத் துறை, கவுண்டி மூணு பேரும் சேர்ந்து அந்த வன நிலத்தில் ஒரு பொதுத் துப்பாக்கி சுடுதளம் கட்டப் போறாங்களாம். இடம் ஒரு பழைய ஜல்லிக் குழி. ரைஃபிளுக்கு ஒரு வரிசை, பிஸ்டலுக்கு ஒரு வரிசை, வில் அம்புக்குத் தனியா ஒரு மூலை. வாரத்தில் ரெண்டு நாள் காலையில் ஷெரிஃப் ஆட்கள் (கவுண்டி போலீஸ்) பயிற்சிக்கு எடுத்துக்குவாங்க. 30 நாளைக்குள்ள கருத்து எழுதி அனுப்பணும்.

மேப்பில் அளந்து பார்த்தேன். எங்க வீட்டிலிருந்து நேர்க்கோட்டில் ரெண்டு மைல்கூட இல்லை.

தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் 'வேண்டாம்' பலகை நட்டாச்சு. எனக்குத்தான் மனசு ஒரு பக்கம் நிக்கலை. ஏன்னா இப்பவும் சனி, ஞாயிறானா அந்த வனச் சாலை ஓரத்தில் ஆளாளுக்கு வண்டியை நிறுத்திச் சுட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. பழைய டிவி, ஃப்ரிட்ஜ், பெயிண்ட் டப்பா எல்லாம் கொண்டுவந்து நிறுத்திச் சுட்டுட்டு அப்படியே போட்டுட்டுப் போறாங்க. சுட்டுச் சுட்டே பாதியில் முறிஞ்சு நிக்கிற பைன் மரம் ஒண்ணு இருக்கு, போனா காட்டறேன். சுடுதளம் வந்தா இது குறையுமா, கூடுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இட்லிப்பானை
வீட்டை வித்துட்டு டெக்ஸஸ் வந்துடுங்க அக்கா. இங்கே பக்கத்து வீட்டுக்காரரே சுடுவார், ரெண்டு மைல் தூரம்கிற கவலையே இல்லை 😀

மலைக்கோட்டை
எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். காட்டுக்குள்ள எவன் வேணா போய்ச் சுடலாமா? நம்ம ஊர் ரிசர்வ் ஃபாரஸ்டில் துப்பாக்கியோட நின்னாலே உள்ளே தூக்கிப் போட்டுடுவானே. வன நிலத்தை வேறு காரியத்துக்கு எடுக்கணும்னா 1980 சட்டப்படி டில்லி வரைக்கும் கோப்பு போகணும். இங்கே காடுங்கிறதுக்கே அர்த்தம் வேறயா?

ஏட்டுச்சுரைக்காய்
மலைக்கோட்டை, ஆமா, அர்த்தமே வேறதான். அமெரிக்கத் தேசிய வனம்கிறது காப்புக்காடு இல்லை. 1960-ல் வந்த பல்பயன் சட்டத்தில் மரம், மேய்ச்சல், நீர், வனவிலங்கு, பொழுதுபோக்கு எல்லாத்துக்கும் இந்த நிலம்னு எழுதியிருக்கு. தேசியப் பூங்கா ஒரு துறை, தேசிய வனம் வேறொரு துறை. ரெண்டாவது விவசாய அமைச்சகத்துக்குக் கீழே வரும். அங்கே துப்பாக்கி சுடறது ஒரு பொழுதுபோக்கு. மூடப்பட்ட இடம்னு தனியா உத்தரவு இல்லாத வரைக்கும் அனுமதிதான்.

கட்டுப்பாடு இல்லாம இல்லை. வீடு, கட்டடம், முகாம் இடம், ஆள் இருக்கிற இடம், இதிலிருந்து 150 கஜத்துக்குள்ள சுடக்கூடாது. வனச் சாலைக்குக் குறுக்கேயோ நீர்நிலைக்குக் குறுக்கேயோ சுடக்கூடாது. குகைக்குள்ளேயும் கூடாது.

இப்போ கணக்கைப் பாருங்க. 150 கஜம் சுமார் 137 மீட்டர். பசங்க சுடற .22 தோட்டாவே தடையில்லாம விட்டா ஒன்றரை மைல் வரைக்கும் போகும். மான் வேட்டை ரைஃபிள் குண்டு அதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. பக்கத்தில் இருக்கிறவங்க மேல நேரா குண்டு படாம இருக்கப் போட்ட விதி இது. பின்னால மண்மேடு இல்லாம வானத்தைப் பார்த்துச் சுடறவனுக்கு 150 கஜம் எந்த மூலைக்கு?

தட்டுவேட்டை
நான் சுடறவன். பத்து வருஷமா ட்ராப், அதாவது பறக்கிற களிமண் தட்டை ஷாட்கனால சுடற விளையாட்டு. அதனால முன்கூட்டியே சொல்லிடறேன், எனக்கு ஒரு சார்பு உண்டு.

செல்வி அக்கா கேட்டதுக்கு நேரடியான பதில்: சரியா நடத்துற ரேஞ்ச், அதாவது சுடுதளம், பக்கத்தில் குடியிருக்கிறது, யாரும் பார்த்துக்காத வனச் சாலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறதை விட நூறு மடங்கு பாதுகாப்பு. ரேஞ்சில் எல்லாரும் ஒரே கோட்டில் நிப்பாங்க, ஒரே திசையில் சுடுவாங்க. அங்கே மேற்பார்வை பார்க்கிற ரேஞ்ச் ஆபீசர் 'கோல்ட்'னு (cold, சுடறதை நிறுத்துங்கன்னு அர்த்தம்) சொன்னா துப்பாக்கியைத் திறந்து மேசையில் வச்சுட்டு எல்லாரும் பின்னுக்கு வந்துடணும். அந்த நேரத்தில் துப்பாக்கியைத் தொட்டாலே வெளியே அனுப்பிடுவாங்க. மூணு பக்கமும் மண்மேடு. பழைய ஜல்லிக் குழியை ஏன் தேர்ந்தெடுத்தாங்கன்னு நினைக்கறீங்க? மேடு ஏற்கெனவே வெட்டின மாதிரி இருக்கு, அதான்.

2015 ஜூலையில் இதே கொலராடோவில், பைக் தேசிய வனத்தில், குடும்பத்தோட கேம்ப் போட்டு உட்கார்ந்திருந்த ஒருத்தர் எங்கிருந்தோ வந்த குண்டு பட்டு இறந்தார். அது ரேஞ்ச் இல்லை. அதுவும் இதே மாதிரி சாலையோரக் காடுதான். அந்த மாதிரிச் சாவுகள்தான் இந்தத் திட்டங்களையெல்லாம் வேகப்படுத்துது.

அரிசோனா ஃபீனிக்ஸில் பென் ஏவரி ரேஞ்சுக்குப் போய்ப் பாருங்க. மாநில வனவிலங்குத் துறையே நடத்துது. 1,650 ஏக்கர். பள்ளிக்கூடப் பசங்க, ஒலிம்பிக் போறவங்க, தாத்தா பாட்டி எல்லாரும் வர்றாங்க.

புதுகை_மைந்தன்
தட்டுவேட்டை தம்பி, "நூறு மடங்கு பாதுகாப்பு"ன்னு அவ்வளவு லேசாச் சொல்லிடாதீங்க. நான் புதுக்கோட்டைக்காரன். 2021 டிசம்பர் 30 அன்னைக்கு நார்த்தாமலை பக்கத்துச் சுடுதளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையோட பயிற்சி. அங்கிருந்து வந்த குண்டு, வெளியே ஊருக்குள்ள, தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கிட்டிருந்த 11 வயசுப் பையன் தலையில் பாஞ்சது. நாலஞ்சு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து போய்ட்டான். சுட்டவங்க தெருவில் போறவங்க இல்லை, சீருடைக்காரங்க. தளமும் பேருக்கு மலை மறைப்பில் இருந்த தளம்தான்.

அதனால மேடு இருக்கு, ஆபீசர் இருக்காருங்கிறது பதில் இல்லை. மேட்டுக்கு மேலே போற குண்டு எங்கே விழும், அந்த இடத்தில் யார் இருக்காங்க, அதைக் காகிதத்தில் வரைஞ்சு காட்டச் சொல்லுங்க.

தட்டுவேட்டை
அண்ணே, ஒத்துக்கறேன். சொன்ன விதம் தப்பு. நீங்க சொல்ற படத்துக்குப் பேரே உண்டு, அபாய வலயம். சுடற இடத்திலிருந்து விசிறி மாதிரி விரியும். குண்டு போகக்கூடிய தூரம், கல்லில் பட்டுத் தெறிச்சா பக்கவாட்டில் போற கோணம் ரெண்டையும் சேர்த்து வரைவாங்க. அந்த விசிறிக்குள்ள வீடு, ஒற்றையடிப்பாதை, கேம்ப் எதுவும் வரக்கூடாது. வந்தா, வரிசைக்கு மேலே மரத்தட்டியோ கான்கிரீட்டோ போட்டு வானம் தெரியாம மறைக்கணும். 'நீலவானம் தெரியக்கூடாது'ன்னு எங்க ஆட்கள் சொல்லுவாங்க. நின்னு சுடறவன் கண்ணுக்கு ஆகாசமே தெரியலேன்னா குண்டு வெளியே போக வழியில்லை. செலவு அதிகம், அதனாலதான் பல திட்டத்தில் அதை முதலில் வெட்டுவாங்க.

செல்வி அக்கா, உங்களுக்கு வந்த வரைபடத்தில் அந்த மறைப்பு இருக்கா?

பனிமலை_செல்வி
வரைபடத்தில் வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, "நிழற்கூரை" இவ்வளவுதான். அபாய வலயம்கிற வார்த்தையே இல்லை. வண்டி நிறுத்துமிடத்தை மட்டும் அளவோட போட்டிருக்காங்க, 40 வண்டி.

மண்புழு
மண்ணும் நீரும் என் வேலை, அதனால ஈயத்தைப் பத்தி மட்டும் பேசறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்குங்க.

தோட்டா பெரும்பாலும் ஈயம். மண்மேட்டில் போய்ப் புதைஞ்சு நிக்கும். சும்மா கிடந்தா பெரிய ஆபத்தில்லை. மண் அமிலமா இருந்து, மழைத்தண்ணி ஊறினா மெதுவாக் கரையும். அங்கேதான் உங்க ஊர் மண்ணு யோசிக்க வைக்குது. கருங்கல் உடைஞ்சு வந்த மண், மேலே பைன் ஊசி மக்கினது. அமிலத்தைத் தாங்கி நிறுத்தற சுண்ணாம்புச் சத்து அதில் குறைவு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையோட சுடுதளக் கையேடு, மண்ணோட பிஹெச் (அமில-கார அளவு) 6.5-லிருந்து 8.5-க்குள்ள இருக்கணும்னு சொல்லுது. குறைஞ்சா சுண்ணாம்பு தூவணும். வருஷா வருஷம் அளக்கணும். சில வருஷத்துக்கு ஒருமுறை மேட்டையே சலிச்சு ஈயத்தை எடுத்துப் பழைய உலோகக்காரருக்கு விக்கலாம். நம்ம ஊர்ல சாம்பல்லேருந்து தங்கம் சலிக்கிற மாதிரிதான், காசும் வரும்.

ஓடை எவ்வளவு தூரம், மேட்டுல வழியற தண்ணி எங்கே போகுது, அதைத் தேக்கி வண்டல் படிய விடக் குட்டை இருக்கா, இதெல்லாம் கேளுங்க. ஜல்லிக் குழியில ஒரு சங்கடம், குழியோட அடி நிலத்தடி நீருக்குப் பக்கத்தில இருக்கும்.

இன்னொண்ணு. நீங்க சொன்ன பட்டியலில் ட்ராப் இல்லை. தயவுசெஞ்சு அப்படியே இருக்கட்டும். ரைஃபிள் குண்டு ஒரு மேட்டில் சேரும், எடுத்துடலாம். ஷாட்கன் ரவை (சின்னச் சின்ன ஈய உருண்டை) 770 அடி வரைக்கும் சிதறி விழும், மேடு போட்டுப் பிடிக்க முடியாது. பறவைங்க அதைக் கூழாங்கல்லுனு நினைச்சு முழுங்கும். அந்தக் களிமண் தட்டும் பேருக்குத்தான் களிமண், அதில் தார் கலந்திருக்கு. தட்டுவேட்டை கோவிச்சுக்க வேண்டாம்.

தட்டுவேட்டை
கோவம்லாம் இல்லை சார். சாய்வான காட்டில் ட்ராப் வைக்கிறது எனக்கும் சரியாப் படலை. சமவெளியில் எங்களுக்குக் கிளப் இருக்கு. எஃகு ரவைன்னு ஒரு வழி இருக்கு, அதைத் தனி இழையில் சண்டை போடலாம்.

கரிமேடு
எல்லாரும் ஈயம், சத்தம்னு பேசறீங்க. மேற்கு மாநிலங்களில் நெருப்புதானே முதல் பயம்? நான் யூட்டாவில் இருந்தேன். 2012 ஜூனில் சரட்டோகா ஸ்பிரிங்ஸ் பக்கம் ரெண்டு பேர் குறி வச்சுச் சுட்டதில் புல்லு பத்திக்கிச்சு. 5,000 ஏக்கருக்கு மேல எரிஞ்சது, ஆயிரக்கணக்கானவங்களை வீட்டை விட்டு வெளியேத்தினாங்க. நானும் ஒரு நண்பர் வீட்டில் ரெண்டு ராத்திரி தரையில் படுத்தேன்.

அடுத்த வருஷமே வன சேவையோட ஆராய்ச்சி நிலையத்தில் சோதனை பண்ணினாங்க. எஃகுத் தகட்டில் குண்டு மோதினா சிதறல் துண்டுகள் 800 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாகுதாம். எஃகு உள்ள குண்டும், முழுச் செம்புக் குண்டும்தான் அதிகமாப் பத்த வச்சது. வெடிக்கிற குறிப்பலகைன்னு ஒரு சனியன் இருக்கு, கலந்து வச்சுச் சுட்டா டமார்னு வெடிக்கும். 2017-ல் அரிசோனாவில் குழந்தை ஆணா பெண்ணான்னு அறிவிக்கிற விழாவுக்கு ஒருத்தர் அதைச் சுட்டு ஏறக்குறைய 47,000 ஏக்கர் போச்சு.

செல்வி, கேக்க வேண்டியது: மேட்டைச் சுத்தி எவ்வளவு அகலத்துக்குப் புல்லே இல்லாம ஜல்லி போடுவாங்க? தண்ணித் தொட்டி எங்கே? காட்டுத்தீ அபாயம் கூடித் தீக் கட்டுப்பாடு ரெண்டாம் நிலைக்குப் போற அன்னைக்குக் கேட்டைப் பூட்டற ஆள் யார், சாவி யார்கிட்ட?

இட்லிப்பானை
எல்லாம் சரி, துப்பாக்கியே வேண்டாம்னு சொல்ல உங்க யாருக்கும் தைரியம் இல்லை. பள்ளிக்கூடத்தில் சாகற பிள்ளைங்களைப் பத்தி ஒருத்தர்கூடப் பேசலை. இதுல அரசுப் பணத்தில் ரேஞ்ச் வேறயா?

நெறியாளர்
இட்லிப்பானை, அந்த விவாதத்துக்குத் தனி இழை இருக்கு, 60 பக்கம் ஓடியிருக்கு. இங்கே செல்வி கேட்டதை மட்டும் பேசுவோம். இனி வர்ற அரசியல் பதிவுகளை அங்கே மாத்திடுவேன்.

ஏட்டுச்சுரைக்காய்
பணத்தைப் பத்தி மட்டும் ஒரு விளக்கம், இழைக்குள்ளதான் வருது. இது பொது வருமான வரிப் பணம் இல்லை. 1937-லிருந்து பிட்மேன்-ராபர்ட்சன் சட்டம்னு ஒண்ணு இருக்கு. ரைஃபிள், ஷாட்கன், தோட்டா மேல 11 சதவீதம், கைத்துப்பாக்கி மேல 10 சதவீதம் தீர்வை. அந்தப் பணம் மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகும். மான் கூட்டமெல்லாம் திரும்ப வந்ததில் பாதிப் பெருமை அந்தப் பணத்துக்குத்தான். 2019-ல் ஒரு திருத்தம் வந்தது. சுடுதளம் கட்ட மத்தியப் பங்கு 75-லிருந்து 90 சதவீதம் வரைக்கும் போகலாம்னு ஆச்சு. மாநிலம் 10 ரூபா போட்டா 90 ரூபா வரும். திடீர்னு எல்லாக் கவுண்டிக்கும் சுடுதள ஆசை வந்ததுக்கு அதுதான் காரணம். போதாக்குறைக்கு, 2025 ஜனவரியில் கையெழுத்தான பொழுதுபோக்குச் சட்டம், கூடுமானவரை ஒவ்வொரு தேசிய வனத்திலும் ஒரு சுடுதளமாவது இருக்கணும், அதுக்குக் கட்டணம் வாங்கக் கூடாதுங்குது.

எனக்கு உறுத்தறது இங்கேதான். கட்டறதுக்கு 90 சதவீதம் வருது. கட்டணம் இல்லைன்னா ஆறாவது வருஷம் ரேஞ்ச் ஆபீசருக்குச் சம்பளம் எங்கிருந்து? சுண்ணாம்பு யார் வாங்கித் தூவறது? ஊர்ப் பணத்தில் தேர் செஞ்சுட்டு வடம் பிடிக்க ஆள் இல்லாம நிறுத்தின கதையா ஆகிடும். ஆள் இல்லாத சுடுதளம், கூரை போட்ட சாலையோரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பனிமலை_செல்வி
இன்னைக்குக் காலையில் நேரில் போய்ப் பார்த்துட்டு வந்தேன். கூட ஒரு பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார், வேட்டைக்காரர், ஆனா வாசலில் 'வேண்டாம்' பலகை வச்சிருக்கார். ஏன்னு கேட்டேன். "சத்தம். என் எல்க் மான் போயிடும்" என்றார். மே கடைசி, ஜூனில் அந்தச் சரிவில்தான் எல்க் குட்டி போடுமாம். குளிர்காலத்தில் கீழே இறங்கி வர்றதும் அதே வழிதான்.

குழியில் நின்னு பார்த்தப்போ எதிரே யாரோ நாலு பேர் சுட்டுக்கிட்டிருந்தாங்க. ஒவ்வொரு வெடிக்கும் மலையிலிருந்து ரெண்டு தரம் எதிரொலி. என் வீட்டுக்காரர் வாசலில் நின்னு போனில் "கேக்குது, ஆனா கதவு சாத்தின மாதிரி கேக்குது" என்றார். நாலு துப்பாக்கிக்கே இது. 20 பேர் வரிசையா நின்னா?

தரையில் குனிஞ்சு பார்த்தேன், வெற்றுத் தோட்டா மினுமினுன்னு, அடியில் மண்ணே தெரியலை. அப்போதான் மண்புழு சார் சொன்னது உறைச்சது. இத்தனை தோட்டாவிலிருந்து போன ஈயம் ஏற்கெனவே அந்த மண்ணில் இருக்கு. யாரும் அளக்கலை, யார் பேரிலும் இல்லை.

மண்புழு
நல்லதா ஒரு கேள்வி கண்டுபிடிச்சுட்டீங்க. இப்போ இருக்கிற ஈயத்தை முதலில் அளந்து பதிவு பண்ணச் சொல்லுங்க. இல்லேன்னா பத்து வருஷம் கழிச்சு ஓடையில் ஈயம் வந்தா, பழைய கணக்கா புதுக் கணக்கான்னு மூணு துறையும் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டுவாங்க. அனுமதிப் பத்திரம் முடிஞ்சு சுடுதளத்தை மூடற நாளில் சுத்தம் பண்ற செலவு யாருதுன்னும் இப்பவே எழுதி வாங்கணும்.

தட்டுவேட்டை
சத்தத்துக்குச் சொல்றேன். துப்பாக்கி வாய்முனை வெடிச் சத்தத்தை மூணு பக்கம் மூடின கூரையும், உள்ளே ஒலி விழுங்கும் பலகையும் நல்லாக் குறைக்கும். ரைஃபிள் குண்டு பெரும்பாலும் ஒலியை விட வேகமாப் போகுது, அதுக்குன்னு தனியா ஒரு 'கிராக்' இருக்கு. அதைக் கூரை ஒண்ணும் பண்ணாது. குழி ஆழமா இருந்தா குறையும். இல்லேன்னா சுடற திசையை மாத்தணும். நேரக் கட்டுப்பாடு கேளுங்க, காலையில் 9-க்கு முன்னாடி கூடாது, பொழுது சாய்ஞ்சப்புறம் கூடாதுன்னு. குட்டி போடற காலத்தில் சில வாரம் மூடச் சொல்றது நியாயம்தான். வேட்டைக்காரங்களே ஆதரிப்பாங்க.

வழிப்போக்கன்_85
சம்பந்தம் இருக்கான்னு தெரியலை. நான் எச்1பி விசாவில் இருக்கேன். இந்த மாதிரி ரேஞ்ச் திறந்தா நண்பர்களோட போய் வாடகைத் துப்பாக்கியில் ஒரு தரம் சுட்டுப் பார்க்கலாமா? அப்புறம் நான் கருத்து எழுதலாமா, குடிமகன் இல்லையே?

ஏட்டுச்சுரைக்காய்
கருத்து யார் வேணா எழுதலாம், விசா கேக்க மாட்டாங்க. சுடறது வேற கதை, தம்பி, ஜாக்கிரதை. குடியேறா விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வச்சிருந்தாலே மத்தியச் சட்டப்படி குற்றம். வாடகைத் துப்பாக்கியும் அதில் அடக்கம். மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை உரிமம் இருந்தா விலக்கு உண்டு. கொலராடோவில் அந்த உரிமத்துக்கு முன்னால, 1949 ஜனவரி 1-லோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடிக்கணும். நம்ம ஆட்கள் பலர் இது தெரியாம ரேஞ்சுக்குப் போய்ப் போட்டோ எடுத்துப் ஃபேஸ்புக்கில் போடறாங்க, பார்க்கும்போது எனக்குத்தான் வேர்க்குது. கிரீன் கார்டு வந்ததும் போங்க.

வழிப்போக்கன்_85
அய்யோ. ஃபேஸ்புக்கில் போட்டிருந்த போட்டோவை நீக்கிட்டேன். நன்றி அண்ணா.

பனிமலை_செல்வி
வரைவு தயார். சுருக்கமா இங்கே போடறேன், கிழிச்சுத் தொங்க விடுங்க.

எதிர்க்கிறேன்னும் எழுதலை, ஆதரிக்கிறேன்னும் எழுதலை. இதெல்லாம் இல்லாம முடிவெடுக்காதீங்கன்னு எழுதியிருக்கேன். அபாய வலயப் படம் வேணும், எங்க தெரு அதில் எங்கே இருக்குன்னு தெரியணும். வானம் தெரியாத மறைப்பு, ஆள் இல்லாத நேரத்தில் பூட்டின கேட். இப்போதைய ஈய அளவு, ஓடைத் தண்ணிச் சோதனை. ஜல்லித் தரை, தண்ணித் தொட்டி, எஃகுக் குண்டுக்கும் வெடிக்கிற குறிக்கும் தடை. எல்க் குட்டி போடற வாரங்களில் மூடல். பத்து வருஷத்துக்கு நடத்தற செலவு யார் கையிலிருந்துன்னு எழுத்தில்.

கடைசியா எனக்கு முக்கியமானது. சுடுதளம் திறக்கற அன்னைக்கே சுத்தியிருக்கிற வனச் சாலைகளில் சுடறதை மூடற உத்தரவும் சேர்ந்து வரணும். ஒரே முடிவில், ஒரே கையெழுத்தில். தளம் இன்னைக்கு, மூடல் பிறகு பார்க்கலாம்னா எங்களுக்கு ரெண்டு சத்தமும் சேர்ந்து கிடைக்கும்.

தட்டுவேட்டை
மத்ததெல்லாம் நான்கூடக் கையெழுத்துப் போடுவேன். கடைசிதான் இடிக்குது. மூடற உத்தரவு நிரந்தரமா இருக்கும், சுடுதளம் பணம் இல்லாம மூணு வருஷத்தில் மூடிக் கிடக்கும். அப்போ என்ன மாதிரி ஆள் எங்கே போறது? இது வெறும் பேச்சில்லை அக்கா, எங்க கூட்டத்தில் எல்லாருக்கும் இருக்கிற பயம் இதுதான். தளம் நடக்கிற வரைக்கும்தான் மூடல் செல்லும்னு ஒரு வரி சேர்த்தா நான் உங்க பக்கம்.

புதுகை_மைந்தன்
தளம் மூடிக் கிடந்தா திரும்பவும் சாலையோரத்தில் சுடலாம்கிறீங்களா தம்பி? அப்போ செல்வி வீட்டுக்கு என்ன உத்தரவாதம்?

தட்டுவேட்டை
உத்தரவாதம் இல்லைதான் அண்ணே. ஆனா அந்த ஒரு வரி இருந்தா, தளத்தைத் திறந்து வச்சிருக்கச் சொல்லி எங்க ஆட்களும் செல்வி அக்கா தெருவும் ஒரே கூட்டத்தில் ஒரே பக்கம் உட்காருவோம். இல்லேன்னா எதிரெதிர் பக்கம்.

ஏட்டுச்சுரைக்காய்
ரெண்டு பேரும் உங்க உங்க வரியை எழுதி அனுப்புங்க. பொதுவா வன சேவைத் திட்டங்களில், கருத்துக் காலத்தில் குறிப்பா எழுதினவங்களுக்குத்தான் பின்னால ஆட்சேபணை எழுப்ப உரிமை. வாசலில் பலகை நட்டது கணக்கில் வராது. செல்வி, உங்க தெருக்காரங்க கிட்ட முதல்ல அதைச் சொல்லுங்க.

பனிமலை_செல்வி
சொல்லிட்டேன். அந்த வேட்டைக்காரப் பெரியவர் ராத்திரியே நாலு பக்கம் கையால எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார், டைப் பண்ணித் தரச் சொல்லி. மூணு பக்கம் எல்க் பத்தித்தான். தட்டுவேட்டை, உங்க வரியை என் கடிதத்தில் சேர்க்கலை, யோசிச்சுப் பார்த்தேன், மனசு வரலை. ஆனா இந்தத் திட்டத்தைப் பத்தின 14-ம் தேதி கூட்டத்துக்கு நீங்க வர்றதா இருந்தா வீட்டில் சாப்பிட்டுட்டுப் போகலாம், கூட்டம் ஆறரைக்குத்தான்.